சம்பந்தி ஆட்டத்தில் என் நிழல்

மே 4, திங்கள்

என் வீட்டுக்காரர் நடேஷ் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனி வருடா வருடம் கொடுக்கும் டைரி இது. கடைசிப் பக்கங்களில் எத்தனை ஹெச்.பி. மோட்டார் எவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீர் இழுக்கும் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். முன்பக்கங்கள் நாலு மாதமாகச் சும்மா கிடந்தன. இன்றுதான் எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

ஜூன் 28ஆம் தேதி சென்னையில் வீடியோ கேம் கண்காட்சி. அங்கே எங்கள் சண்டை ஆட்டத்தை மேடையேற்றி, பெங்களூருச் சாம்பியன் ஜோடிக்கு எதிராக எங்கள் ஆபீசிலிருந்து இரண்டு பேரை ஆடவிடப்போகிறார்கள். ஆடுகிறவர்களின் கைகளுக்கு மேலே தனியாக ஒரு கேமரா. விரல் ஆடுவது பெரிய திரையில் தெரியும்.

பன்னிரண்டு வருடமாக சரவணம்பட்டியில் வீடியோ கேம்களுக்குப் பிழை பார்க்கிறேன். "நாள் பூரா கேம் வெளையாடறதுக்குச் சம்பளமா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். ஒரே சுவரில் நானூறு தடவை முட்டி, நானூற்றியோராவது தடவை ஆள் சுவருக்குள் போய்விடுகிறானா என்று பார்ப்பதுதான் வேலை என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் எங்கள் பெயர் வரும்போது யாரும் திரை முன்னால் இருப்பதில்லை. என் கை எவ்வளவு வேகம் என்று இந்த ஆபீஸ் நாலு சுவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜூன் 28 அன்று தெரியட்டும்.

எனக்கு அந்த மேடை வேண்டும். எழுதிவிட்டேன். இனி அடக்கமாக நடிக்க வேண்டியதில்லை.

மே 7, வியாழன்

இந்தப் பேனா சரியில்லை. நழுவுகிறது. காலையில் காபி டம்ளரும் நழுவியது. அது எண்ணெய்க் கை.

மே 12, செவ்வாய்

இந்த ஆட்டத்துக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'சம்பந்தி'. இருபது வருடமாகச் சந்தையில் முட்டிக்கொண்ட இரண்டு கம்பெனிகள், தங்கள் தங்கள் சண்டைக்காரர்களை ஒரே ஆட்டத்தில் இறக்கியிருக்கின்றன. ஒன்று பெண் வீடு, மற்றது மாப்பிள்ளை வீடு. ஆரம்ப வீடியோவில் பெண் வீட்டு ஆள் ஏழு அடி வாங்கினால் மாப்பிள்ளை வீட்டு ஆளும் ஏழு வாங்கியாக வேண்டும். அடிகளை எண்ணிச் சரிபார்த்ததே நான்தான். யாருடைய முகம் முதலில் வருகிறது என்பதற்கு மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. பந்தி பரிமாறுகிற இடத்தில்கூட இவ்வளவு வருத்தம் பார்த்ததில்லை.

இதில் எத்தனையோ மோட் உண்டு. தனியாக ஆடுவது, கதையாக ஆடுவது, சாகும்வரை எதிரிகள் வந்துகொண்டே இருப்பது. மேடைக்கு வைத்திருப்பது ஜோடி மோட். பெண் வீட்டு ஆள் ஒன்று, மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும். ஒருவர் களத்துக்குள், ஒருவர் வெளியே. அடி வாங்கினால், மீதி உயிரைக் காட்டும் உயிர்க்கோட்டில் ஒரு பகுதி உடனே போய்விடாது, சிவப்பாக நிற்கும். நேரத்துக்கு மாற்றிக்கொண்டு வெளியே போய் ஓய்ந்தால் சிவப்பு திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். பிடிவாதமாக உள்ளேயே நின்று இன்னொரு அடி வாங்கினால் அது போனது போனதுதான். ஜோடியில் யார் விழுந்தாலும் இரண்டு பேருக்கும் தோல்வி. மாற்றும் பட்டன் உள்ளே இருப்பவர் கையில் மட்டும். வெளியே இருப்பவர் கத்தத்தான் முடியும்.

என் ஜோடியாக ஆடும் ஹக்கீம் நன்றாகக் கத்துகிறான். உக்கடத்துப் பையன், என்னைவிட ஆறு வயது சின்னவன். மாப்பிள்ளை வீட்டு மந்திரவாதி ஓர்பெக்கை ஆடுவான். நான் பெண் வீட்டுத் தோரா. மீன் சந்தையில் பெட்டி தூக்கிய மல்யுத்தக்காரி. கத்தியும் இல்லை, மந்திரமும் இல்லை. கிட்டே போய்ப் பிடித்துத் தூக்கி அடிப்பாள். பிடிதான் அவள் ஆட்டமே.

"மாத்துங்கக்கா! செவப்பு போகுதுக்கா! மாத்துங்க!"

நான் மாற்றவில்லை. அந்த ரவுண்டில் தோற்றோம்.

"என்னக்கா, பட்டன் இருக்கறதே மறந்துருச்சா?" என்றான்.

"இன்னும் ரெண்டு அடியில அவன முடிச்சிருப்பேன்."

"போன ரவுண்டுலயும் அதேதான் சொன்னீங்க."

பையன் சொன்னது உண்மை. ஆனாலும் பாதியில் வெளியே போவது எனக்கு ஆகாது. பிறவிக் குணம்.

மே 18, திங்கள்

புதிய பதிப்பு வந்திருக்கிறது. அதில் நிழல் மோட். நாம் ஆடிய கடைசி நூறு ஆட்டங்களைப் பார்த்து, நம்மைப் போலவே ஆடுகிற ஒரு நிழலை ஆட்டம் தானாகவே செய்து வைக்கும். அதோடு சண்டை போடலாம், ஜோடியாகவும் சேர்த்துக்கொள்ளலாம்.

மத்தியானம் ஆபீசே சிரிப்பு. ஹக்கீமின் நிழல் ஒரு அடி அடித்துவிட்டு அவனைப் போலவே பயந்து பின்னால் குதித்தது. எங்கள் லீட் சிகாமணி அண்ணனின் நிழல் ஒரு மூலையில் நின்று தடுத்துக்கொண்டே இருந்தது. மீட்டிங்கில் கம்பெனிக்காரர்கள் முன்னால் அவர் உட்காருவதும் அப்படித்தான். என் நிழலோடு மோத நேரமில்லை. நாளை ஹக்கீம் பார்ப்பான்.

இந்தப் பதிப்பில் பிடி கொஞ்சம் மந்தமாக வருகிறது. கட்டை விரல் பட்டனையும் ஆள்காட்டி விரல் பட்டனையும் ஒரே நேரத்தில் தட்டினால் பிடி. தட்டுகிறேன், வெறும் குத்துதான் விழுகிறது. கைப்பிடியும் பட்டன்களும் உள்ள என் ஸ்டிக்கில் ஸ்பிரிங் போயிருக்கும். வேறு ஸ்டிக் கேட்டிருக்கிறேன்.

மே 21, வியாழன்

நடேஷ் காலையில் நான் கையை உதறுவதைப் பார்த்துவிட்டார்.

"தினமும் ஒதற்ற. என்னாச்சு?"

"ஒருக்களிச்சுப் படுத்தேன். மரத்துப் போச்சுங்க."

"நேத்தும் ஒருக்களிச்சுப் படுத்தியா?"

மனிதர் பம்ப் கம்பெனியில் சோதனை மேடையில் வேலை. மோட்டாரை ஓடவிட்டுக் காதை வைத்தே கோளாறு சொல்வார். வீட்டிலும் அதே காதுதான். மாவு ஆட்ட வேண்டும் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மே 22, வெள்ளி

மூன்றாவது ஸ்டிக். இதுவும் அப்படியேதான். எங்கேதான் வாங்குகிறார்களோ.

மே 26, செவ்வாய்

ஹக்கீம் ஒரு பிழை அறிக்கை போட்டிருக்கிறான். எண் 4417. 'பிரபாவதி நிழல்: தோரா பிடி போடுவதே இல்லை.' தீவிரம்: அதிகம். மல்யுத்தக்காரி பிடிக்கவே மாட்டேன் என்றால் அது அதிகம்தானே.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். ஒருவர் சொன்ன பிழையை இன்னொருவர் தானே ஆடிப் பார்த்து, 'உறுதி' என்று போட்டால்தான் அது கம்பெனிக்குப் போகும். சிகாமணி அண்ணன் என்னிடம் கொடுத்தார். "ஏம்மா பிரபா, உன்ற நெழலு. உன்னையவிட யாருக்குத் தெரியும்?"

இருபது ஆட்டம் என் நிழலோடு மோதினேன். வேண்டுமென்றே அதன் கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றேன், அறுபத்தியொரு தடவை. ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. கிட்டே வரும், ஒரு குத்து விடும், நகர்ந்துவிடும். பார்க்கப் பார்க்க எரிச்சல். ஆசைப்பட்டுக் கிட்டே வந்துவிட்டுத் தொடப் பயப்படுகிற மாதிரி இருந்தது.

அறிக்கையில் கோபமாகவே எழுதினேன்: 'பிழை உறுதி. இது என் ஆட்டமே அல்ல. நிரல் எழுதியவர்கள் என் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்க்கவும்.' கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன்.

மே 30, சனி

சென்னைக்குக் கட்ட ஒரு கைத்தறிச் சேலை எடுத்தேன். கைக் கேமராவில் நன்றாகத் தெரிய வளையல் வேண்டுமா வேண்டாமா என்று கடையிலேயே யோசித்தேன். கடைக்காரர் கொடுத்த பையை இடது கையில் வாங்கினேன். வலது கையில் செல்போன் இருந்தது என்று எழுத வந்தேன். இல்லை. செல்போன் பைக்குள் இருந்தது.

ஜூன் 3, புதன்

4417க்குப் பதில் வந்துவிட்டது.

'பிழை அல்ல. சரியாகவே இயங்குகிறது. இந்த ஆட்டக்காரரின் கடைசி நூறு ஆட்டங்களில் பிடிக்கான இரண்டு பட்டன்கள் 208 முறை தட்டப்பட்டுள்ளன. 205 முறை கட்டை விரல் பட்டன் தாமதமாக வந்துள்ளது. அதனால் குத்து மட்டுமே விழுந்தது. நிழல் அதையே கற்றுக்கொண்டது.' கீழே பழைய ஆட்டங்களையும் சேர்த்து ஒரு அட்டவணை, தேதி வாரியாக. ஏப்ரலில் தாமதம் இரண்டு ஃபிரேம். மே கடைசியில் பதினொன்று. ஒரு விநாடியை அறுபதாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்குள் இரண்டு விரலும் விழ வேண்டும். மூன்று ஸ்டிக்கின் எண்ணும் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். மூன்றிலும் ஒரே கதைதான்.

டீமில் உள்ள பதினாலு பேருக்கும் அந்தப் பதில் போயிருக்கிறது. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. கேன்டீனில் என் டீயை யாரோ வாங்கி மேசைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 4, வியாழன்

லீவு. புளி கரைத்தேன். கட்டை விரலுக்குப் புளி இருப்பதே தெரியவில்லை.

ஜூன் 5, வெள்ளி

ஹக்கீமை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"என்ற கைய எதுக்குடா ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுன? மேடைக்கு உனக்கு வேற ஜோடி வேணும்னா மொகத்துக்கு நேராச் சொல்ல வேண்டியதுதான?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். உதடு காய்ந்துபோயிருந்தது.

"அக்கா, சத்தியமா அது பிழைன்னுதான் நெனச்சேன். நூறு பேரு நூறு வருசம் எழுதுன நிரலா இருந்தாலும் அதைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். உங்க கையச் சந்தேகப்பட எனக்குத் தோணவே இல்லக்கா."

வண்டிச் சாவியைத் திருப்ப முயன்றேன்; திரும்பவில்லை. அவனே சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பிக் கொடுத்தான். வழி நெடுக அழுதுகொண்டே வந்தேன். சிக்னலில் ஒரு அம்மா பார்த்துவிட்டு, பாவம் என்று உச்சுக் கொட்டினாள்.

டம்ளரும் பேனாவும் ஸ்பிரிங்கும் ஒன்றும் செய்யவில்லை. கைதான். பிப்ரவரியிலிருந்து. இதை எழுத நாலு வரி போதுமாக இருந்திருக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

நடேஷ் அரை நாள் லீவு போட்டுக் கூட வந்தார். கையில் கம்பி ஒட்டி, மின்சாரம் வைத்து நரம்பைச் சோதித்தார்கள். டாக்டரம்மா என் கட்டை விரலின் அடிச் சதையைத் தொட்டுப் பார்த்தார்.

"மணிக்கட்டுல நரம்பு நெரிபடுதுங்க. இந்த எடம் பாருங்க, இடது கையவிட தட்டையா இருக்கா? சதை இளைக்க ஆரம்பிச்சிருக்கு. இப்ப ஆபரேசன் பண்ணி நெரிசல எடுத்துட்டா மெதுவாத் திரும்பி வரும். தள்ளிப் போட்டீங்கன்னா, போன சதை போனதுதான்."

"ஜூன் 28க்கு அப்புறம் வெச்சுக்கலாங்களா டாக்டர்?"

"அதுவரைக்கும் கைக்கு ரெஸ்ட் குடுப்பீங்களா?"

எனக்கு முன்னால் நடேஷ் பதில் சொன்னார். "குடுக்க மாட்டாங்க டாக்டர்."

திரும்பும்போது வண்டியில் அவரிடம் சண்டை போட்டேன். பத்தொன்பது நாள், வெறும் பத்தொன்பது நாள். அதற்குள் ஒரு சதை எவ்வளவு இளைத்துவிடும்? பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருகிற மேடை. வீட்டில் இறங்கியதும் அவர், "சாப்பாட்ட நானே பெசஞ்சு தர்றேன், நீ முடிவெடு" என்றார்.

ஜூன் 12, வெள்ளி

இந்த ஆட்டத்தில் எளிய மோட் என்று ஒன்று உண்டு. புதிதாக ஆடுகிறவர்களுக்கு. பிடி போட ஒரே பட்டன் போதும். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடை அடையாளம் வந்துவிடும், இவருக்கு ஒத்தாசை நடக்கிறது என்று. அந்தக் குடையைப் பார்த்தாலே நான் கேலி செய்வேன். மூன்று நாளாக அந்தக் குடையோடு ஆடுகிறேன். மணிக்கட்டில் பட்டை கட்டி, நடுவிரலால் தட்டுகிறேன். தோரா பிடிக்கிறாள். தூக்கி அடிக்கிறாள். அதைப் பார்த்து ஆபீசில் யாரோ கைதட்டினார்கள். திட்டி உட்கார வைத்தேன்.

ஆனால் ஒன்றரை நிமிடத்தில் கை மரத்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் மாற்றுகிறேன். ஹக்கீம் உள்ளே போகிறான், நான் கையை உதறிக்கொண்டு வெளியே நிற்கிறேன், மறுபடி உள்ளே வருகிறேன். ஒரு நாளைக்கு இருபது ஆட்டம். அவன் இப்போது கத்துவதில்லை. அவனுக்கு வேலையே இல்லை.

டாக்டரம்மா சொன்னதும் ஆட்டத்தில் சிவப்புக் கோடு சொல்வதும் ஒன்றுதான் என்று ஹக்கீம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இடது கையாலேயே அறைந்திருப்பேன்.

ஜூன் 15, திங்கள்

இன்றுதான் பெயர் அனுப்பும் நாள். சிகாமணி அண்ணன் இரண்டு பெயரையும் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"அண்ணா, என்ற பேர எடுத்துருங்க."

"ஏம்மா? குடை இருந்தா என்ன? யாரு பாக்கறா?"

"குடைக்காக இல்லைங்ணா. சனிக்கெழம ஆபரேசன்."

சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இடம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருந்தார்கள்; ஆனால் சொல்லும்வரை எனக்கே தெரியாது சொல்வேன் என்று. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹக்கீம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"அக்கா இல்லைன்னா நானும் போகலைங்ணா."

"கிறுக்கா. ரெண்டு பேரும் போகாம பெங்களூருக்காரங்க தனியா வந்து ஆடிட்டுப் போவாங்களா?"

"அப்ப அக்கா நெழல என்ற ஜோடியாப் போடுங்க."

அண்ணன் யோசித்தார். கம்பெனிக்குப் போன் போட்டார். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் முதன்முறையாக ஒரே பேச்சில் சம்மதித்தன. நிழல் மோடையும் மேடையில் காட்டியது போல ஆகும் அல்லவா. 'எளிய மோட் அடையாளத்தை நீக்கட்டுமா?' என்று கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லச் சொன்னேன்.

பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தக் கேமரா என் கையைப் பார்க்கப்போவதில்லை. அது வருத்தம்தான். பெரிய வருத்தம். வேறு பெயர் வைத்து எழுத மனமில்லை.

ஜூன் 19, வெள்ளி

நேற்றுவரை ஆடிய நூறு ஆட்டங்களோடு நிழலைப் பூட்டி அனுப்பியாயிற்று. நாளை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி. வளையல்களைக் கழற்ற நடேஷ் சோப்பு போட்டார்.

ஜூன் 23, செவ்வாய்

இடது கை எழுத்து. கோணல். வலது கையில் கட்டு. வலி உண்டு. காலையில் மரத்துப்போகவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

இடது கையால் எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் இதை எழுதியாக வேண்டும்.

சாயங்காலம் நாலு மணிக்கு நேரலை. நடேஷ் டிவியில் இணைத்துக் கொடுத்தார். மேடையில் எங்கள் பக்கம் இரண்டு நாற்காலி. ஒன்றில் ஹக்கீம். மற்றதில் யாருமில்லை, ஆனால் அதன் முன்னால் என் ஸ்டிக் இருந்தது, கைப்பிடியில் நான் சுற்றிய மஞ்சள் டேப்போடு. பையன் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கைக் கேமரா அவன் விரல்களையும் பக்கத்தில் அந்தச் சும்மா கிடந்த ஸ்டிக்கையும் மாற்றி மாற்றிக் காட்டியது. திரையில் தோராவின் பெயருக்குக் கீழே 'பிரபாவதியின் நிழல்' என்று போட்டு, பக்கத்தில் குடை. நடேஷ் அதைச் செல்போனில் படம் எடுத்தார்.

ஐந்து ரவுண்டு. இரண்டுக்கு இரண்டு ஆகிவிட்டது. கடைசி ரவுண்டில் தோரா களத்துக்குள். பெங்களூருக்காரன் மூலையில் மாட்டியிருந்தான். இன்னும் இரண்டு பிடி போட்டால் முடிந்தது. அவளும் அடி வாங்கியிருந்தாள். கோட்டில் பாதிக்கு மேல் சிவப்பு. எனக்குத் தெரியும் அந்த இடம். வாழ்க்கை முழுக்க நான் அங்கே நின்றிருக்கிறேன். இன்னும் ரெண்டு அடி, இன்னும் ரெண்டு அடி.

ஹக்கீம் பழக்கதோஷத்தில் வாயைத் திறப்பது கேமராவில் தெரிந்தது. நிழலுக்குக் காது கிடையாது என்று அவனுக்கும் தெரியும். நானும் இங்கே சோபாவில், கட்டுப் போட்ட கையோடு, இல்லாத பட்டனை அழுத்தினேன்.

அவன் கத்துவதற்குள் தோரா மாற்றிவிட்டாள். மூலையில் மாட்டிய எதிரியை விட்டுவிட்டு, ஓர்பெக்கின் கையைத் தட்டிவிட்டு, வெளியே போய் நின்றாள். உயிர்க்கோட்டில் சிவப்பு மெதுவாகத் திரும்ப நிரம்ப ஆரம்பித்தது.

நான் வாய்விட்டு அழுதேன். நடேஷ் பயந்துபோய் வலியா என்று கேட்டார்.

தோற்றுவிட்டோம். ஓர்பெக் கடைசியில் வழக்கம்போலப் பின்னால் குதித்தான், அங்கே அடி காத்திருந்தது. பத்து நிமிடத்தில் ஹக்கீமிடமிருந்து போன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"அக்கா, நாந்தான் கெடுத்தேன். மன்னிச்சிருங்கக்கா."

"குதிக்காதன்னு எத்தன தடவ சொல்றது?"

"அது இருக்கட்டும். பாத்தீங்களா நீங்க?"

"பாத்தேன்டா."

"நான் கத்தவே இல்லக்கா. நீங்களா மாத்துனீங்க."

ஜூலை 4 தையல் பிரிக்கிறார்கள்.